ஒரு கன்ட்ரோல்-க்யூவுக்கு இரண்டு கீபோர்டு

1,800 ரூபாய் செலவு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்கு இரண்டு நடை, ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இன்ஜினியரோடு ஒரு மனஸ்தாபம். இத்தனையும் ஒரு கீயை அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும் விஷயத்துக்கு. எழுதி வைத்தால் வேறு யாராவது ஒருவராவது தப்பிப்பார்.

அம்பத்தூரில் எங்கள் பட்டறை அலுவலகத்தில் ஒரு சன் பிளேடு 1500 (சன் கம்பெனியின் பழைய வொர்க்ஸ்டேஷன்) இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் சோலாரிஸ் 10 என்ற யூனிக்ஸ், சிடிஇ என்ற டெஸ்க்டாப். ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்காதீர்கள், பழைய வார்ப்பு டிராயிங் எல்லாம் அதில் இருக்கும் கேட் (வரைபடம் போடும்) மென்பொருளில்தான் திறக்கும், அதன் லைசென்ஸ் அந்த மெஷினின் ஹோஸ்ட்ஐடி என்ற அடையாள எண்ணோடு கட்டிப் போட்டது. சரி, மெஷின் சாவதற்குள் எல்லாவற்றையும் டிஎக்ஸ்எஃப் (மற்ற கேட் மென்பொருளிலும் திறக்கும் வடிவம்) ஆக மாற்றிவிடலாம் என்று ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். 212 டிராயிங். சாயங்காலம் எக்ஸ்டெர்ம் என்ற கட்டளை ஜன்னலில் ஓடவிட்டு, திரையில் ஒவ்வொரு பெயராகப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் 41-ஆவது டிராயிங்கில் நிற்கிறது. என்டர் தட்டினால் ஒன்றுமில்லை. எழுத்து அடித்தால் வரவில்லை. கர்சர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஏஎம்சிக்குப் போன் போட்டோம். வந்தவர் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார், பிடுங்கிச் சொருகினார், "கீபோர்டு போயிடுச்சு சார், சன் கீபோர்டு இப்ப எங்க கிடைக்கப் போகுது, ஏஎம்சியில கன்ஸ்யூமபிள் வராது" என்றார். பிறகு மவுஸால் அந்த ஜன்னலை மூடினார். மூடியதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்டும் ஹேங்கப் சிக்னல் (ஜன்னல் போய்விட்டது என்ற அறிவிப்பு) வாங்கிச் செத்தது. அப்போது எனக்கும் உறைக்கவில்லை.

ஒரு சாதாரண பிசி யூஎஸ்பி கீபோர்டை மாட்டினோம். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. ஆக, கீபோர்டுதான் கோளாறு என்று நிரூபணமாகிவிட்டது பாருங்கள்! இந்த இரண்டு நாள்தான் என்னை முட்டாளாக்கியது. உண்மையில் கீபோர்டை மாற்றியதால்தான் பிரச்சினை போனது, ஆனால் கீபோர்டு கெட்டுப் போனதால் அல்ல. அதற்கு அப்புறம் வருகிறேன்.

டிராயிங் போடும் தம்பிக்குப் பிசி கீபோர்டு ஒத்துவரவில்லை. சன் கீபோர்டில் இடது ஓரம் ஸ்டாப், அன்டூ, காப்பி, பேஸ்ட், கட் என்று தனி வரிசையாகக் கீ இருக்கும், கேட் மென்பொருளின் பாதி வேலையை அதில்தான் அமைத்து வைத்திருக்கிறார்கள். "அண்ணே, அது இல்லாம கை ஓடமாட்டேங்குது" என்றான். அதனால் ரிச்சி தெரு. முதல் நடை ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் வரை மின்சார ரயில், அங்கிருந்து வெயிலில் நடை, போனால் முக்கால்வாசி ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. தெரிந்திருக்க வேண்டும்தான். செவ்வாய்க்கிழமை மறுபடி போய் நாலு கடை ஏறி இறங்கி, ஒரு மாடிக் கடையில் பழைய சர்வர் உதிரிகளுக்கு அடியிலிருந்து ஒரு டைப் 7 கீபோர்டை எடுத்துக் கொடுத்தார்கள். 2,500 சொன்னார், 1,800-க்கு முடிந்தது. யூனிக்ஸ் லேஅவுட்தான், பார்த்தே வாங்கினேன். அந்தப் பெருமை மூன்று நாள்கூட நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், ஸ்கிரிப்ட் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும்போது, அதே கதை. 63-இல் நின்றுவிட்டது. புது கீபோர்டு!

மறுபடி ஏஎம்சி. இந்த முறை வந்தவர் அந்த ஜன்னலில் எக்ஸிட், எக்ஸிட் என்று நாலைந்து தரம் அடித்தார். எதுவும் தெரியவில்லை. (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் எங்கேயோ படித்த ஞாபகத்தில் ஸ்டாப் கீயையும் ஏ-வையும் சேர்த்து அமுக்கினார். திரை முழுக்க மேலே ஏதோ வரிகள், அதன் கீழே ஓகே என்று ஒரு ப்ராம்ப்ட். மொத்த மெஷினும் நின்றது. சன் ஸ்பார்க் மெஷினில் ஸ்டாப்-ஏ என்பது ஜன்னலை நிறுத்துவதல்ல, சோலாரிஸையே பாதியில் நிறுத்திவிட்டு மெஷினின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் இறங்குவது. அவர் பூட் (மெஷினைப் புதிதாகக் கிளப்பும் கட்டளை) என்று அடிக்கப் போனார், பி-யும் அடித்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன். நிஜமாகவே பிடித்தேன். எங்கள் பழைய அட்மின், மெஷினின் கேபினட் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்: ஓகே வந்தால் கோ. அவ்வளவுதான் எழுத்து. பி-யை அழித்துவிட்டு கோ என்று அடித்தேன். விட்ட இடத்திலிருந்து எல்லாம் மூச்சு விட்டது, திரை மட்டும் அலங்கோலமாக இருந்தது, டெஸ்க்டாப் மெனுவில் ரிஃப்ரெஷ் கொடுத்ததும் அதுவும் சரியானது. அந்த ஸ்டிக்கருக்குத் தீபாராதனை காட்டலாம். இந்த மாதிரி மெஷின் வைத்திருப்பவர்கள் கேபிடி என்ற கீபோர்டு கட்டளையில் ஏ ஆப்ஷனை டிசேபிள் செய்து அந்தக் கீச் சேர்க்கையை முடக்கிவிடுங்கள், விவரம் தெரியாதவர் கை பட்டால் ஆபத்து.

இன்ஜினியர் கோபித்துக்கொண்டு போனதும்தான் தனியாக உட்கார்ந்து யோசித்தேன். கோ என்று அடித்தது இதே கீபோர்டில்தானே? வேலை செய்ததே? மெனுவிலிருந்து இன்னொரு எக்ஸ்டெர்ம் திறந்து எல்எஸ் (ஃபைல் பட்டியல் கட்டளை) அடித்தேன். அழகாக வந்தது. இரண்டு வாரமாக மூன்று பேர் சேர்ந்து ஒரு கீபோர்டைச் சந்தேகப்பட்டிருக்கிறோம், பக்கத்து ஜன்னலில் ஓர் எழுத்து அடித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

புது ஜன்னலில் பிஎஸ் (ஓடும் ப்ரோக்ராம்களைக் காட்டும் கட்டளை) போட்டு ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறது, ஆனால் அரை நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டாலும் சிபியூ நேரம் ஒரு நொடிகூட ஏறவில்லை. அடுத்து, ஒரு ப்ரோக்ராம் சிஸ்டத்திடம் என்ன கேட்கிறது என்று காட்டும் ட்ரஸ் கட்டளையை அந்த ப்ராசஸ் எண்ணோடு ஓட்டினேன். ஒரே ஒரு வரி வந்து நின்றது. ரைட் என்று ஆரம்பித்து, ஒன்றாம் எண் ஃபைல், அதில் எழுதவிருந்த 64-ஆவது டிராயிங்கின் பெயர், கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஸ்லீப்பிங். அதாவது ஸ்கிரிப்ட் திரையில் ஒரு பெயரை எழுத வாயைத் திறக்கிறது, யாரோ வாயைப் பொத்தி வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. நின்றுபோன ஜன்னலுக்குப் போய் கன்ட்ரோல்-க்யூ. சடசடவென்று 64, 65, 66.

யாரோ எப்போதோ கன்ட்ரோல்-எஸ் அழுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அது வந்தால் டெர்மினல் டிரைவர் (ஜன்னலுக்கும் ப்ரோக்ராமுக்கும் நடுவில் இருப்பது) அவுட்புட்டை நிறுத்தும், கன்ட்ரோல்-க்யூ வந்தால் திறந்துவிடும். ஆஸ்கி எழுத்து எண் பட்டியலில் 19, 17. டெலிடைப் மெஷின் காலத்தில் காகித நாடா ரீடரை நிறுத்தவும் ஓட்டவும் வைத்த குறிகள், நாடாவும் இல்லை, டெலிடைப்பும் இல்லை, குறிகள் மட்டும் இன்னும் உட்கார்ந்துகொண்டு என் உயிரை வாங்குகின்றன.

யார் அழுத்தியது? தம்பிதான், ஆனால் அவன் மேல் தப்பில்லை. சன் யூனிக்ஸ் லேஅவுட்டில் ஏ-வுக்கு இடதுபக்கம், நமக்கெல்லாம் கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில், கன்ட்ரோல் இருக்கும். கேப்ஸ் லாக் கீழே மூலையில். பழைய கீபோர்டில் அந்த வரிசையில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது, ரிச்சி தெருவில் வாங்கியதிலும் தம்பியின் விரல் அதைப் பார்த்து ஓடவில்லை. வீட்டில் பிசியில் பழகிய கை. எங்கள் டிராயிங் எண் எல்லாம் பெரிய எஸ்ஸில் ஆரம்பிக்கும். கேப்ஸ் லாக் என்று நினைத்து ஒரு தட்டு, உடனே எஸ். மெதுவாக அடித்தால் சின்ன எஸ் வரும், அழித்துவிட்டுத் திரும்ப அடிப்பான். வேகமாக அடித்து இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் கன்ட்ரோல்-எஸ். கேட் ஜன்னலில் விழுந்தால் பாதகமில்லை. ஆனால் யாரோ ஸ்டைல் மேனேஜரில் மவுஸ் போகும் ஜன்னலுக்கே ஃபோகஸ் என்று வைத்திருந்தார்கள், க்ளிக் தேவையில்லை, சுட்டி கொஞ்சம் நகர்ந்து எக்ஸ்டெர்ம் மேல் நின்றால் அங்கேதான் விழும். பிசி கீபோர்டில் கன்ட்ரோல் அந்த இடத்தில் இல்லை, அதனால் இரண்டு நாள் நிம்மதி. அவ்வளவுதான் அந்த நிரூபணம்.

வெற்றிக் களிப்பில் அன்று டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை வந்தால் ஜன்னலையே காணோம்.

இன்ஜினியர் அடித்த எக்ஸிட் ஞாபகம் இருக்கிறதா? அவுட்புட் நின்றிருந்தாலும் நாம் அடிப்பது எங்கேயும் போகாது, வரிசையில் காத்திருக்கும். ராத்திரி 212-உம் முடிந்து ஷெல் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுவது) கண் விழித்ததும் முதலில் பார்த்தது அந்த எக்ஸிட்டைத்தான். ஜன்னல் மூடிக்கொண்டது, எந்தெந்த டிராயிங் பிழையோடு மாறியது என்று கடைசியில் வந்த பட்டியலும் அதோடு போனது. அந்தப் பட்டியலை லாக் ஃபைலுக்குத் திருப்பி விடாதது என் சோம்பல்தான், அதற்குத் தண்டனையாக 212 ஃபைலையும் நானும் தம்பியும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எக்ஸிட்டோடு போனதே என்று சமாதானம். நின்றுபோன ஜன்னலில் ஆத்திரத்தில் ஆர்எம் (ஃபைலை அழிக்கும் கட்டளை) போட்டு எதையாவது அடித்து வைத்திருந்தால்? எதையும் அடிக்காதீர்கள், முதலில் கன்ட்ரோல்-க்யூ. கன்ட்ரோல்-சி-யும் வேண்டாம், அது அவுட்புட் நின்றிருந்தாலும் உள்ளே போய் வேலையைக் கொன்றுவிடும்.

அதே வாரம் இன்ஜினியர் பைனரி டிராயிங் ஃபைல் ஒன்றைக் கேட் போட்டுப் பார்த்து (ஃபைலைத் திரையில் கொட்டும் பூனைக் கேட் கட்டளை, வரைபடக் கேட் அல்ல) இன்னொரு ஜன்னலையும் கெடுத்து வைத்திருந்தார், எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக. அதற்கு எக்கோ (கொடுத்ததைத் திரையில் எழுதும்) கட்டளையில் கன்ட்ரோல்-வி, கன்ட்ரோல்-ஓ கொடுத்தால் எழுத்து திரும்பிவிடும். ஏதாவது ப்ரோக்ராம் பாதியில் செத்து, அடிப்பது திரையில் தெரியாமல் போனாலோ, என்டர் தட்டினால் ^எம் என்று வந்தாலோ அது வேறு வியாதி: கன்ட்ரோல்-ஜே, எஸ்டிடிஒய் சேன் (டெர்மினல் அமைப்பைச் சீராக்கும் கட்டளை), மறுபடி கன்ட்ரோல்-ஜே. என்டருக்குப் பதில் கன்ட்ரோல்-ஜே என்பதுதான் அதில் சூட்சுமம், கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டும்.

நிரந்தரமாகச் சரிசெய்யலாம் என்று முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக நுழைந்தேன். அங்கே பேக்ஸ்பேஸ் அடித்தால் அழியாமல் ^எச் ^எச் என்று வரிசையாக வருகிறது. இது தெரிந்த கோளாறுதான், டெர்மினல் அனுப்புவது 8, டிரைவர் எதிர்பார்ப்பது 127. எஸ்டிடிஒய் எரேஸ் ^எச் என்று அடித்தேன். பதில்: எச், நாட் ஃபவுண்ட். தப்பாக அடித்துவிட்டோமோ என்று இன்னும் இரண்டு தரம். அதே பதில். கால் மணி நேரம் கழித்துப் புரிந்தது, ரூட்டுக்கு இருப்பது பழைய போர்ன் ஷெல், அதற்கு ^ என்பதும் பைப் குறிதான்! நான் எஸ்டிடிஒய்யின் அவுட்புட்டை எச் என்ற கட்டளைக்கு அனுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மேற்கோள் குறிக்குள் '^எச்' என்று போட்டதும் சரி. சி ஷெல்லில் இத்தனை வருஷம் மேற்கோள் இல்லாமலே அடித்த கைக்கு இது எப்படித் தெரியும்?

தம்பியின் சி ஷெல் தொடங்கும்போது படிக்கும் டாட் சிஎஸ்எச்ஆர்சி ஃபைலில் எஸ்டிடிஒய்க்கு மைனஸ் ஐக்ஸான் சேர்த்தேன், இனி கன்ட்ரோல்-எஸ் எதையும் நிறுத்தாது. முழுக்க அணைக்க மனசில்லாதவர்கள் ஐக்ஸெனி போடலாம், எந்தக் கீ தட்டினாலும் ஓட ஆரம்பித்துவிடும். ஃபைல் படிக்கப்படுகிறதா என்று பார்க்க ஓர் எக்கோ வரியும் சேர்த்துவிட்டு, எடுக்க மறந்துபோனேன். அந்த ஓர் எக்கோ ராத்திரி பேக்கப்பை எடுக்கும், நெட்வொர்க் வழியே ஃபைல் நகலெடுக்கும் எஸ்சிபி-யின் பேச்சுக்கு நடுவே புகுந்து அதைக் குழப்பி நிறுத்திவிட்டது. நாலு நாள் பேக்கப் இல்லை, ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். இப்போது அந்த வரிகள் எல்லாம் ப்ராம்ப்ட் இருக்கிறதா என்று கேட்கும் ஓர் இஃப்புக்குள் இருக்கின்றன, ஆள் உட்கார்ந்து அடிக்கும் ஷெல்லில் மட்டும் ஓடும்.

பழைய கீபோர்டைத் துடைத்து, தேய்ந்த கன்ட்ரோல் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மாட்டியிருக்கிறோம். ஒரு குறையும் இல்லை. புதியது பீரோவில். ரிச்சி தெரு பில்லில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் இன்னும் அக்கவுண்ட்ஸில் கொடுக்கவில்லை.