வயல் வாங்கிய தீர்க்கதரிசி: எரேமியா வாசிப்புக் குறிப்புகள்

ஜூலை 13, 2025, ஞாயிறு

யூதர்களுக்கு இன்று தம்மூஸ் 17, நோன்பு நாள். எருசலேமின் மதில் உடைக்கப்பட்டதை நினைத்து இன்று தொடங்கும் துக்கம், ஆலயம் அழிந்த நாளான ஆப் மாதம் 9 வரை மூன்று வாரம் நீளும். அந்த வாரங்களின் ஓய்வுநாட்களில் (சனிக்கிழமைகளில்) ஜெபஆலயங்களில் கண்டிப்பான தீர்க்கதரிசனப் பகுதிகளைத்தான் வாசிப்பார்கள்: எரேமியா 1, 2, அப்புறம் ஏசாயா 1. நாமும் இந்த நாட்களில் எரேமியாவை முழுசாக வாசித்துவிடலாம் என்று எடுத்தேன். நம் சபைகளில் எரேமியா என்றாலே 29:11 தான் (உங்களைப்பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்பது), புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையிலும் காலண்டரிலும் அதே வசனம். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று அதற்கு முந்தின வசனம் சொல்வதை யாரும் அச்சடிப்பதில்லை. அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருவது. அதைக் கையில் வாங்கின பெரியவர்கள் அநேகமாக எல்லோருமே அதற்குள் அங்கேயே செத்து அடக்கமாகியிருப்பார்கள்.

ஜூலை 17

7-ஆம் அதிகாரத்தையும் 26-ஐயும் சேர்த்து வாசித்தேன், இரண்டும் ஒரே ஆலயப் பிரசங்கம் மாதிரித்தான் இருக்கிறது. திருடுவது, கொலை செய்வது, பொய்சத்தியம் பண்ணுவது, அப்புறம் ஆலயத்துக்கு வந்து நின்று எங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது. முன்பு ஆசரிப்புக் கூடாரம் இருந்து அழிந்துபோன சீலோவுக்குப் போய் அந்த இடம் என்ன ஆயிற்று என்று பாருங்கள் என்கிறார் எரேமியா. உடனே ஆசாரியர்களும் மற்ற தீர்க்கதரிசிகளும் இவன் சாகவேண்டும் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது மூப்பர் சிலர் எழுந்து, சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் மீகாவும் இதையேதான் சொன்னான், சீயோன் வயல்போல உழப்படும் என்றான், எசேக்கியா ராஜா அவனைக் கொன்றானா, பயந்து கர்த்தரிடம் கெஞ்சினான் அல்லவா என்று கேட்கிறார்கள்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மீகா சொன்னது அப்போது நடக்கவில்லை, ஆனால் அதை வைத்து யாரும் அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. நடக்கக்கூடாது என்பதற்காகத்தானே சொன்னார்! 18-ஆம் அதிகாரத்தில் குயவன் வீட்டில் இது வெளிப்படையாகவே வருகிறது: ஒரு ஜாதி (தேசம்) தன் பொல்லாப்பை விட்டுத் திரும்பினால் நானும் மனஸ்தாபப்படுவேன், அதாவது நினைத்த தீங்கைச் செய்யாமல் விடுவேன் என்கிறார் கர்த்தர். எரேமியாவை அகீக்காம் என்ற அதிகாரி காப்பாற்றிவிட்டார். இதே செய்தியைச் சொன்ன உரியாவை எகிப்து வரை ஆள் அனுப்பிப் பிடித்துவந்து வெட்டினான் யூதா ராஜா யோயாக்கீம்.

ஜூலை 22

36-ஆம் அதிகாரம். குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது, எரேமியாவின் வார்த்தைகளை எழுதிய சுருளை யெகுதி என்ற அதிகாரி வாசிக்க வாசிக்க, மூன்று நாலு பத்தி முடிந்ததும் யோயாக்கீம் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். கோபப்பட்டதாகக்கூட எழுதவில்லை. இவன் அப்பா யோசியா, இதே மாதிரி ஒரு சுருளை வாசிக்கக் கேட்டதும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டவர். வாசித்தது அவருடைய எழுத்தர் சாப்பான். இப்போது, எரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறவர்களில் ஒருவர் அந்தச் சாப்பானின் மகன் கெமரியா. 1982-இல் எருசலேமின் தாவீது நகரத்தில் தோண்டியபோது ‘சாப்பான் மகன் கெமரியா’ என்று பதித்த களிமண் முத்திரை ஒன்று கிடைத்தது. பாபிலோனியர் வைத்த தீயில் வெந்து கெட்டியானதால்தான் அது தப்பியது.

ஜூலை 27

34-ஐ இதுவரை யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. முற்றுகை நடக்கிறது, வெளியே லாகீசும் அசெக்காவும் மட்டும்தான் இன்னும் விழாத அரணான பட்டணங்கள். (1935-இல் லாகீசில் கிடைத்த மண்ணோட்டுக் கடிதம் ஒன்றில் ஒரு அதிகாரி, லாகீசின் அடையாளத் தீயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஏறக்குறைய இதே நாட்கள்.) பயத்தில் சிதேக்கியா ராஜா எல்லோரையும் கூட்டி உடன்படிக்கை பண்ணுகிறான், எபிரெய அடிமைகளை எல்லாம் விடுதலை செய்கிறார்கள். ஏழாம் வருஷத்தில் விட்டுவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணம் சொல்லியும் தலைமுறை தலைமுறையாகச் செய்யாமல் வைத்திருந்ததை இப்போது செய்கிறார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து நடுவே நடந்து சத்தியம் பண்ணுகிறார்கள்.

பார்வோனின் சேனை வருகிறது என்று கேள்விப்பட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகுகிறார்கள். உடனே எருசலேமின் எஜமான்கள், விட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறார்கள்!

மனந்திரும்புதல் என்றால் கண்ணீர், உபவாசம் என்று நாம் நினைக்கிறோம். இங்கே கணக்கு வேறு: மாவரைக்கும் பெண்ணை வீட்டுக்கு அனுப்பினாயா இல்லையா? கர்த்தரின் பதிலும் அதே கணக்கில்தான் வருகிறது, நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகையால் உங்களைப் பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் விடுதலையாக்குகிறேன் என்கிறார். நகரம் விழுந்ததற்குப் பாபிலோனின் பலம் ஒரு காரணம், சிதேக்கியாவின் எகிப்து நம்பிக்கை ஒரு காரணம், இதெல்லாம் சரி. ஆனால் இந்த அதிகாரத்தை வாசித்த பிறகு, நியாயத்தீர்ப்பைக் கோபக்காரக் கடவுளின் அவசரம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 1

28, 32 அதிகாரங்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி சொல்கிறார், பாபிலோனுக்கு அடிபணியுங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறார். கூட்டத்துக்கு அதுதான் பிடித்திருக்கும். நகரம் விழும் என்று சொன்ன மனுஷனோ, காவலில் இருந்தபடியே, எதிரி மண்மேடு போட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது, தன் ஊரான ஆனதோத்தில் அப்பாவின் சகோதரர் மகனுடைய வயலை வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி, நம் அளவில் 200 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சாட்சிக் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டும் மண்பாத்திரத்தில்: இந்தத் தேசத்தில் மறுபடி வயல் வாங்கும் காலம் வரும் என்பதற்கு அடையாளம். பணம் கொடுத்துவிட்டு ஜெபத்தில், இது என்ன ஆண்டவரே, நகரமே போகிறது, என்னை வயல் வாங்கச் சொல்கிறீர் என்று கேட்கவும் செய்கிறார். அனனியாவுக்கு அந்த நம்பிக்கையில் ஒரு பைசா செலவில்லை. எரேமியா தன் காசைப் போட்டிருக்கிறார், அதனால்தான் நான் இவரை நம்புகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆப் 9 இந்த வருஷம் ஓய்வுநாளில் வந்ததால் நோன்பு இன்றைக்குத் தள்ளிப்போனது. நேற்று இரவு தரையில் உட்கார்ந்து புலம்பல் வாசித்திருப்பார்கள். எங்களை முற்றிலும் வெறுத்துவிடுவீரோ என்கிற மாதிரிதான் அந்தப் புத்தகம் முடிகிறது. அதோடு நிறுத்த மனமில்லாமல் முந்தின வசனத்தை மறுபடி சொல்வது வழக்கம்: எங்களை உம்மிடத்தில் திருப்பும், அப்பொழுது திரும்புவோம். திரும்புவதற்கே அவர் உதவி வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 9

இன்று முதல் ஏழு ஓய்வுநாள் ஆறுதல் பகுதிகள், ஏசாயா 40-இல் தொடங்கி. எரேமியாவுக்கு என்னவோ அப்படி ஆறுதலாக முடியவில்லை. மீந்தவர்கள் அவரையும் அவருடைய எழுத்தர் பாருக்கையும் எகிப்துக்கு இழுத்துப்போனார்கள். அங்கேயும், வானராக்கினி என்ற பெண் தெய்வத்துக்குத் தூபம் காட்டாமல் விட்டதால்தான் எங்களுக்குப் பஞ்சம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். கடைசி அதிகாரத்தில், யோயாக்கீமின் மகனும் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதா ராஜாவுமான யோயாக்கீன் சிறையிலிருந்து வெளியே வந்து பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிடுகிறான். அவனுக்கும் அவன் ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்குப் பலகைகள் பாபிலோனிலேயே கிடைத்திருக்கின்றன.

அடுத்து எசேக்கியேல். பிதாக்கள் புளித்த திராட்சை தின்ன, பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழி எரேமியா 31-இலும் இருக்கிறது, எசேக்கியேல் 18-இலும் இருக்கிறது. ஒருவர் எருசலேமில், ஒருவர் பாபிலோனில். முதலில் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கப்போகிறேன்.