பட்டாயாவுக்கு ஜோடியாப் போறீகளா?

நெல்லை எக்ஸ்பிரஸ்ல காலையில எழும்பூர் வந்து இறங்குனா, ராத்திரி பாங்காக் விமானத்துக்கு நேரம் தாராளம். போய் இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள டிடிஏசிங்கிற தாய்லாந்து டிஜிட்டல் வருகைப் படிவத்தை இணையத்துல நிரப்பிருங்க. அது இலவசம், காசு கேட்டா போலித்தளம். சுவர்ணபூமி விமான நிலையத்துலருந்து பட்டாயாவுக்கு பஸ்ஸே உண்டு.

ஊருக்குள்ள சோங்தேவ்தான் வசதி. பின்னால ரெண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி. பீச் ரோட்டுல வடக்கேயிருந்து தெக்கே போகும், செகண்ட் ரோட்டுல திரும்பும். ஓடுற வண்டியை மறிச்சு, விலை கேக்காம ஏறணும். இறங்க பெல் அழுத்தி, டிரைவர்கிட்ட சரியான சில்லறை கொடுக்கணும். நிக்கிற வண்டியில "எவ்வளவு?"ன்னு கேட்டா தனி வாடகைன்னு நினைச்சு, பல மடங்கு சொல்லுவாங்க.

கடல்ல ஓட்டுற ஜெட் ஸ்கீயை வாடகைக்கு எடுத்தா, ஏறுமுன்னே நாலு பக்கமும், அடிப்பாகமும் வீடியோ எடுங்க. பழைய கீறலுக்குத்தான் பிறகு தகராறு. பாஸ்போர்ட்டை அடகா கொடுக்கவே கூடாது. தாமிரபரணியில நீச்சல் பழகுன தைரியம் இங்க உதவாது; படகு ஓடுற பக்கம் குளிக்காதீக.

குளிக்கத் தெளிஞ்ச கடல் தண்ணி வேணும்னா பாலி ஹாய் துறையிலருந்து கோ லான் தீவுக்குப் படகு, முக்கால் மணி நேரம். கடைசிப் படகு நேரத்தை முதல்லயே கேட்டுக்கிடுங்க. சைவம்னா "ஜே"ன்னு சொல்லணும், இல்லாட்டி காய்கறியிலயும் மீன் சாஸ் விழும்.