நாலாவது ரிவெட்டும் வந்துவிட்டது: லேசர் பூமில் அவுட்ஹால் மாற்றிய அனுபவம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் லேசரை, அதாவது ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் பாய்ப்படகை, எடுத்துக்கொண்டு போனபோது கடற்காற்று 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வரை ஏறியிருந்தது. மிதவையைச் சுற்றித் திரும்பியதும், உடம்பை வெளியே சாய்த்த நிலையிலேயே ஒற்றைக் கையால் கேம் க்ளீட்டிலிருந்து (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடி) அவுட்ஹாலை, அதாவது பாயின் பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை, தட்டிவிட்டேன். பாயின் பின்மூலை சரசரவென்று முன்னே நகர்ந்தது. பாயின் அடிப்பக்கம், அதன் கீழே கிடைமட்டமாக இருக்கும் பூம் என்ற குழாயை விட்டு ஒரு சாண் விலகிப் புடைத்துக்கொண்டது. மூன்று வாரம் மல்லுக்கட்டியது இந்த ஒரு நொடிக்காகத்தான். சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

பழைய ஏற்பாட்டில் லேசர் ஓட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். அவுட்ஹால் க்ளீட் பூம் மேலேயே இருக்கும். கயிற்றைத் தொட வேண்டுமென்றால் உள்ளே வரவேண்டும், பூமை எட்டிப் பிடிக்கவேண்டும், அதற்குள் படகு சாய்ந்துவிடும். அதனால் பாதிப் பேர் காலையில் ஒரு அளவில் கட்டிவிட்டு நாள் முழுக்க அதிலேயே ஓட்டுவார்கள். நானும் 2 வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். காற்றை எதிர்த்துப் போகும்போது நாலு விரல் இடைவெளி போதும், காற்றோடு போகும்போது ஒரு சாண் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரே அளவில் கட்டிவைத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

புது ஏற்பாடு சுருக்கமாக இதுதான். 3 மி.மீ. டைனீமா (நீளாத, வலுவான செயற்கை இழை) கயிறு பூமின் கடைசி முனையில் கட்டப்பட்டு, பாயின் பின்மூலையில் உள்ள சின்னக் கப்பிக்குள் போய், மறுபடி முனைக்கு வந்து, அங்கிருந்து முன்னோக்கி ஓடுகிறது. அதன் நுனியில் மிதக்கும் கப்பி ஒன்று. இரண்டாவது கயிறு பழைய க்ளீட்டின் அடியில் ஆரம்பித்து, அந்த மிதக்கும் கப்பியைச் சுற்றி, கூஸ்நெக் (பூம் பாய்மரத்தோடு சேரும் மூட்டு) அருகே உள்ள கப்பி வழியாக டெக்குக்கு இறங்குகிறது. இரண்டும் இரண்டும் பெருகி நான்கு மடங்கு இழுவிசை. மூலை 10 செ.மீ. நகர 40 செ.மீ. கயிறு இழுக்க வேண்டும், அது பரவாயில்லை. டைனீமாவில் சாதாரண முடிச்சு வழுக்கிக் கழன்றுவிடுகிறது, அதனால் முனைகளை எல்லாம் ஸ்ப்ளைஸ் செய்துவிட்டேன், அதாவது முடிச்சுக்குப் பதில் கயிற்றுக்குள்ளேயே நுழைத்துப் பின்னிவிட்டேன்.

படம் வரைந்து பார்த்தபோது ஒரு மணி நேர வேலை போலத்தான் இருந்தது. ரிவெட் வந்து மாட்டியது.

கழற்ற வேண்டியவை க்ளீட்டில் இரண்டு, பூம் நடுவில் மெயின்ஷீட் (பாயை உள்ளே இழுக்கும் முக்கியக் கயிறு) கப்பி தொங்கும் பட்டையில் இரண்டு, ஆக நான்கு ரிவெட். எல்லாம் ஸ்டெயின்லெஸ். பூம் அலுமினியம். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கரைவது அலுமினியம்தான். ரிவெட்டின் தலையைச் சுற்றிச் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது, அடியில் சின்னச் சின்னக் குழி.

முதல் மூன்று நல்லபடியாக வந்தன. நடுவிலிருக்கும் ஆணித்தண்டைப் பஞ்ச் வைத்து உள்ளே தட்டிவிட்டு, கோபால்ட் பிட் போட்டு, மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தினால் போதும். அந்த வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் துளைக்குள் ரிவெட்டை இறுக்கிப் பிடித்துவைத்திருந்தது, அது எனக்கு உதவியாகவே போனது.

நாலாவது, க்ளீட்டின் பின்பக்க ரிவெட். அங்கே அலுமினியம் கரைந்து துளையே முட்டை வடிவத்தில் பெரிதாகியிருந்தது. பிட் பட்டதும் ரிவெட்டும் கூடவே சுழல ஆரம்பித்தது. அழுத்தினால் சுழலும், விட்டால் நிற்கும். ஸ்டெயின்லெஸ்ஸை வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் அது இறுகிக் கெட்டியாகிவிடும். இரண்டு சாயங்காலம் அதைத்தான் செய்திருக்கிறேன். கடைசியில் தலை நீலம் பாரித்து, பிட்டின் முனைதான் மழுங்கியது.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்யும் மாமா மகனுக்கு போன் போட்டேன். நாள் முழுக்க ரிவெட்டோடு இருப்பவர். கேட்டதும் சொன்னார்: "மாப்ள, சுத்துற ரிவெட்ட ட்ரில்லால துரத்தாத. தலைய அரத்தால ராவி எடுத்துடு, மிச்சத்த உள்ள தட்டிடு."

அப்படியே செய்தேன். அரம் பூமில் பட்டால் மேலே இருக்கும் ஆனோடைஸ் பூச்சு போய்விடும், அப்புறம் அந்தக் கீறலில் இருந்தே அரிக்க ஆரம்பிக்கும். அதனால் பழைய குளிர்பான டின்னில் ஒரு தகடு வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, ரிவெட் தலை மட்டும் மேலே தெரியும்படி வைத்து டேப் ஒட்டினேன். இருபது நிமிடம் பொறுமையாக ராவியதும் தலை மெல்லிய வளையமாகக் கழன்று விழுந்தது. பஞ்ச் வைத்து ஒரே தட்டு. உடல் பூமுக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முனை மூடியைக் கழற்றி பூமைச் செங்குத்தாக நிறுத்தி உலுக்கினேன். நான்கு ரிவெட்டின் மிச்சத் துண்டுகளும் சலங்கை மாதிரி ஒலித்துக்கொண்டே வந்து விழுந்தன.

பெரிதான துளையில் மறுபடி ரிவெட் அடிக்க மனம் வரவில்லை. க்ளீட்டை 20 மி.மீ. முன்னே தள்ளி 4.9 மி.மீ. பிட்டால் புதுத் துளை போட்டேன், பழையதை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். வேங் (பூம் மேலே எழாமல் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு) மாட்டும் இடத்தில்தான் பூம் அதிகமாக வளையும், அதன் பக்கத்தில் மட்டும் புதுத் துளை வேண்டாம். பந்தயம் ஓட்டுகிறவர்கள் முதலில் இந்தப் படகு வகைக்கான பந்தய விதிகளைப் பார்த்துவிடுங்கள், எந்தப் பொருத்து எங்கே இருக்கவேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. எனக்கு வார இறுதி ஓட்டம் மட்டும்தான்.

4.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ரிவெட்டைக் கையடக்க ரிவெட்டரால் இழுக்க முயலாதீர்கள், மணிக்கட்டுதான் போகும். இரண்டு கையாலும் பிடிக்கும் நீளக் கை ரிவெட்டர் கட்டாயம். பட்டறையில் இருந்த ஒன்றை மாமா மகனே பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். உலோகங்களுக்கு இடையில் பூச வெளிநாட்டில் டூராலாக் பசை போடுவார்கள். நான் பெயின்ட் கடையில் கிடைக்கும் மஞ்சள் ஜிங்க் குரோமேட் பிரைமரில் ஒவ்வொரு ரிவெட்டையும் தோய்த்து, ஈரமாக இருக்கும்போதே அடித்தேன். குரோமேட் விஷம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கயிறு விஷயம். காசிமேட்டுக் கயிற்றுக் கடைகள் எனக்கு மிகவும் பிடித்த இடம், படகைக் கட்டிவைக்கும் நைலான் எல்லாம் அங்கேதான் வாங்குகிறேன். ஆனால் நைலான் நீளும், அவுட்ஹாலுக்கு ஆகாது. டைனீமாவையும் 29 மி.மீ. கப்பிகளையும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தேன். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிட்டன. இங்கே பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் எல்லோருக்கும் லாபம். யாராவது தயாரா?

தளர்த்தியதும் மூலை தானாக முன்னே வருவது கப்பியால் அல்ல. மூலையிலிருந்து முன்பக்கமாக இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் கயிற்றால். அதோடு மூலையைப் பூமோடு பிடித்திருக்கும் பழைய கயிற்றுச் சுற்றை எடுத்துவிட்டு வெல்க்ரோ பட்டை போட்டேன். உராய்வு பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது.

அடுத்தது வேங். 15 மடங்கு வரைக்கும் கப்பி போடுகிறார்கள், கணக்குப் போட்டு ஒரு நோட்டில் வரைந்தும்விட்டேன். அக்கா மகள் ரேடியல் பாயில் (லேசருக்கான சின்னப் பாய்) கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். அதற்கும் இதே பூம்தான், அவள் கைக்கு வேங் லேசாக இருக்கவேண்டும்.

அதற்கு முன்னால் பூமின் முனை மூடி இன்னும் டேப்பில்தான் நிற்கிறது. அவசரத்தில் ஞாயிறன்று அப்படியே ஓட்டிவிட்டேன். ரிவெட்டரைத் திருப்பி அனுப்புவதற்குள் அதை அடித்தாக வேண்டும்.