பணம் பத்திரமாகத்தான் இருந்தது
பெரியப்பாவின் காப்பித் தோட்டத்துக்கு ஏற்காடு போகிற ஞாயிறுகளில் லேப்டாப்பைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். 2025 செப்டம்பர் 14 அன்றும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடித்து, ஏரிப் பக்கம் தூறலுக்கு ஒதுங்கி மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது, சேலத்தில் டியூட்டியில் இருந்த தம்பியிடமிருந்து போன்.

"அண்ணா, மோனெரோ பக்கம் நாலு பேமென்ட் கன்ஃபர்ம் ஆச்சுங்க, இப்ப காணோம். ரீட்ரை ஓடிட்டு இருக்குது."

தவறிய பேமென்ட்டை நிரல் தானாகவே மறுபடி அனுப்புவதுதான் ரீட்ரை. "ஓடட்டும்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

எங்கள் வேலை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக கிரிப்டோவில் பணம் அனுப்பும் பின்னணி நிரலைப் பார்த்துக்கொள்வது. மோனெரோ, யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்பதை மறைக்கிற கிரிப்டோ காசு. அன்று அதில் நடந்தது ரீஆர்க், அதாவது சங்கிலி புரள்வது. பரிவர்த்தனைகளைக் கட்டுக் கட்டாக, அதாவது பிளாக்குகளாக, சங்கிலியில் சேர்க்கிற மைனர்கள் இரண்டு கிளையாகப் பிரிந்து பிளாக் போட்டுக்கொண்டே போனால், கடைசியில் அதிகக் கணினி உழைப்பு ஏறிய கிளைதான் செல்லும், மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒன்றிரண்டு பிளாக் புரள்வது சாதாரணம். ஆகஸ்டில் க்யூபிக் என்ற குழு மைனிங் திறனில் பாதிக்கு மேல் பிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டபோது ஆறு பிளாக் புரண்டது. இந்த முறை 18. நூற்றுக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் செல்லாமல் போயின.

ரீஆர்க் என்றதும் எல்லாரும் பயப்படுவது ஒரே காசை இரண்டு முறை செலவழிக்கிற மோசடிக்குத்தான். நானும் அதை மட்டும்தான் யோசித்தேன். நாம் அனுப்புகிறவர்கள், காசு நம் வாலட்டுக்கே திரும்பிவிடும், மறுபடி அனுப்பினால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன். பணக் கணக்கு சரிதான், கோட்டை விட்டது ரகசியத்தை.

மோனெரோவில் ஒரு காசைச் செலவழிக்கும்போது அதோடு வேறு 15 காசுகளைச் சேர்த்து நிறுத்துவார்கள். பதினாறில் எது நிஜம் என்று வெளியே தெரியாது. போலீஸ் அடையாள அணிவகுப்பு மாதிரிதான், ஆனால் இங்கே யாரும் அடையாளம் காணக் கூடாது. அந்தப் 15 காசுகளையும் சங்கிலியில் அவற்றின் வரிசை எண்ணை வைத்துத்தான் பரிவர்த்தனை குறிக்கிறது. சங்கிலி புரண்டால் எண்ணும் மாறும், அதை நம்பியிருந்த பரிவர்த்தனை செல்லாது. வந்த காசைப் பத்து பிளாக், அதாவது சுமார் இருபது நிமிடம், செலவழிக்க விடாமல் பூட்டி வைப்பது இதற்காகத்தான். வாடிக்கையாளர்கள் அந்தப் பூட்டைத் திட்டும்போது நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். பத்து பிளாக்குக்குள் புரண்டால் பரிவர்த்தனை பெரும்பாலும் அப்படியே மெம்பூல் என்ற காத்திருப்பு வரிசைக்குத் திரும்பி, மறுபடி பிளாக்கில் ஏறிவிடும். பதினெட்டு என்றால் பூட்டையும் தாண்டியாகிவிட்டது.

எங்கள் ரீட்ரை என்ன செய்தது? அதே காசுக்குப் புதிதாக 15 துணைகளைப் பொறுக்கி, புதிதாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியது. ஒரே காசை இரண்டு முறை செலவழிக்காமல் தடுக்க, செலவோடு கீ இமேஜ் என்ற முத்திரை ஒன்று வெளியே தெரியும். ஒரு காசுக்குக் கீ இமேஜ் ஒன்றுதான், எத்தனை முறை கையெழுத்துப் போட்டாலும் மாறாது. பழைய பரிவர்த்தனை செத்துவிட்டாலும் உலகம் முழுக்க நோட்களில், அதாவது சங்கிலியின் நகலை வைத்திருக்கும் கணினிகளில், அதைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். ஒரே கீ இமேஜோடு இரண்டு அணிவகுப்பு, இரண்டிலும் நிற்கிற ஒரே முகம் எது என்று பார்த்தால் போதும். தொகையும் பெறுபவர் முகவரியும் அப்போதும் மறைவாகத்தான் இருக்கும், ஆனால் செலவானது எந்தக் காசு என்பது தெரிந்துபோகும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். பழைய வளையத்தை, அதாவது முதலில் சேர்த்து நிறுத்திய அதே பதினாறு காசுகளை, குறித்து வைத்து அதையே திரும்பப் பயன்படுத்துகிற வசதி மோனெரோ வாலட்டில் 2018 முதலே உண்டு. மோனெரோவிலிருந்து கிளை பிரிந்த காசுகள் வந்தபோது, இதே ஆபத்துக்காகச் சேர்த்தது. நான்தான் சுத்தமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் புது டாக்கர் கன்டெய்னரில், அதாவது நிரலுக்கான தற்காலிகப் பெட்டியில், வாலட்டை எழுப்பி, அந்தக் குறிப்பு அழிந்துபோகிற மாதிரி அமைத்திருந்தேன். வீட்டைக் கூட்டுகிறேன் என்று பத்திரத்தையும் சேர்த்து வாரிக் கொட்டின கதை.

பதினாறு என்பதை விட்டுவிட்டுச் சங்கிலியில் உள்ள எல்லாக் காசுகளுக்கும் நடுவே மறைக்கிற எஃப்சிஎம்பி என்ற முறைக்கு வேலை நடக்கிறது, அது வந்தால் இந்தத் தலைவலி பெருமளவு தீரும். அதுவரை எங்கள் நிரலில் தானியங்கி ரீட்ரை கிடையாது. குறிப்பு நிலையான டிஸ்கில் இருக்கிறது. காணாமல் போனால் முதலில் பழைய பரிவர்த்தனையையே திரும்ப அனுப்புவோம், அதுவும் ஏறாவிட்டால் ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் புதுக் கையெழுத்து.

அந்த நாலு பேமென்ட்டும் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. மறுநாள் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். பணம்தான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மன்னிப்பு என்று பதில் வந்தது. அணிவகுப்புக் கதையை முழுக்க எழுதி இன்னொரு மெயில் அனுப்பினேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.