எட்டில் விழாத கால்

ஜனவரி 14
செவில், ஃபிளமென்கோ வகுப்பு. தாளத்தின் எட்டாம் அடியில் விழவேண்டிய குதிகால் இன்றும் ஒன்பதில்.

ஜனவரி 15
சொலேயா என்ற ஃபிளமென்கோ வகைக்குத் தாளச் சுற்று ஒன்றுக்குப் பன்னிரண்டு அடி. அழுத்தம் 3, 6, 8, 10, 12-ல். தாளில் எழுதச் சுலபம். இங்கே பன்னிரண்டு வரை வாய்விட்டு எண்ணுவதே அபூர்வம். பத்து முடிந்ததும் மறுபடி ஒன்று, இரண்டு என்று சொல்லிவிட்டுச் சுற்றை ஆரம்பிக்கிறார்கள். தமிழில் எண்ணிப் பார்த்தேன். ‘பதினொன்று’ சொல்லி முடிப்பதற்குள் கிட்டார் எங்கோ போய்விடுகிறது.

“எண்ணாதே, பாட்டைக் கேள்” என்கிறார் ஆசிரியை. என் கால் சத்தத்தில் எங்கே கேட்பது?

ஜனவரி 18
கீழ்வீட்டம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். நான் பழகிக்கொண்டிருந்த காலடிப் பகுதிக்கு எஸ்கோபியா என்று பெயர். சின்னத் துடைப்பம் என்று அர்த்தம். சிரிப்பு வந்தது. அவர் இடித்தது சரியாகப் பத்தில். ஃபிளமென்கோ ஊறிய திரியானாப் பேட்டைக்காரி அல்லவா.

இடது பாதம், இரண்டாம் விரலுக்குக் கீழே வீக்கம். ஷூவில் ஆணி ஏதும் கழன்றிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஜனவரி 21
எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாமாம். முப்பதாம் தேதி எம்.ஆர்.ஐ. அதுவரை கால் தட்டக்கூடாது. நடக்கலாமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

ஜனவரி 22
வலி இல்லை. (இருக்கிறது.)

ஜனவரி 23
வகுப்பில் நாற்காலி. எனக்குப் பல்மாஸ், அதாவது தாளத்துக்குக் கைதட்டுவது மட்டும், அதிலும் சோர்தாஸ்: உள்ளங்கைகளைக் குழித்து, சத்தம் அமுங்கத் தட்டுவது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. பாடகர் வரியை எடுத்ததும் நன்றாக ஆடுகிற பெண் காலை அடக்கிக்கொள்கிறாள். இடுப்பும் கையும் மட்டும் நகர்கின்றன. அவர் மூச்சு விடுகிற இடத்தில் இரண்டே அடி. அவ்வளவுதான். நான் நாலு மாதமாக அவர் பாடப் பாட மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது: தினமும் சொன்னார்கள்.

ஜனவரி 25
தூக்கமில்லை. ஃபிளமென்கோ ஆட்டக்காரி கார்மென் அமயாவின் பழைய காட்சித் துண்டுகளையே திரும்பத் திரும்ப. கால்சட்டை போட்டுக்கொண்டு ஆண்களுக்குரியது என்று வைத்திருந்த காலடியை அந்த வேகத்தில் அடித்தவர். சிறுநீரக நோய், 1963-ல் போய்விட்டார். நோயோடும் ஆடினார் என்று இன்று மூன்று பேர் எனக்குத் தைரியம் சொன்னார்கள். இது தைரியம் சொல்கிற கதையா?

விரிசல் என்றால் ஆறு வாரம். எட்டாகவும் ஆகலாம். எட்டு!

ஜனவரி 27
நடந்தேன், நடக்கக்கூடாதுதான். பாஹேஸ் தெல் கோர்ரோ தெரு. கீத்தானோக்கள், ஸ்பெயினின் ரோமா மக்கள், கொல்லுப்பட்டறை வைத்திருந்த பக்கம். மார்தினெத்தே பாட்டைப் பட்டறையோடு சேர்த்தே சொல்வார்கள். அதற்குக் கிட்டார் கிடையாது. 1950களிலும் அடுத்த பத்தாண்டிலும் அந்தக் குடும்பங்களை ஊர் விளிம்புக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் போன தெருவில் வாடகை கொடுத்து அவர்கள் ஆட்டத்தைக் கற்க நான் வந்திருக்கிறேன். அதுவும் ஒன்பதில்.

ஜனவரி 29
மாடிப்படியில் கீழ்வீட்டம்மா: “ஒரு வாரமாக நன்றாகத் தூங்குகிறேன் மகளே. ஆனால் ஒன்று, அந்த எட்டை நீ விட்டுவிடுகிறாய்.”

ஜனவரி 30
இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அது நாலு நாலாக இடித்தது. ஃபிளமென்கோவின் நாலடித் தாளம், தாங்கோஸ். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கும்.

முடிவு செவ்வாய்க்கிழமை.

பிப்ரவரி 2
பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வகுப்பு இல்லை. ஷூவைத் துடைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினேன், பிறகு எடுத்து மேசைமேல் வைத்தேன்.