குழலை மரத்தில் இறக்குவது

சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி செய்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்றால் எல்லோரும் அந்தக் கல்லைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கல் எப்படி உரசும், பொறி எப்படி விழும், கருமருந்து எப்படிப் பற்றும் என்று. கல்லை உரசிப் பொறி விழவைக்கும் அந்த லாக்கை நாங்கள் பெரும்பாலும் வாங்கித்தான் பொருத்துகிறோம். துப்பாக்கி தேறுமா தேறாதா என்பது அதற்கு முன்பே, நாலடிக்குச் சற்றுக் குறைவான ஒரு இரும்புக் குழலை மேப்பிள் கட்டையில் பள்ளம் தோண்டி இறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

பட்டறை இருப்பது அமெரிக்காவில், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்கள், தங்கள் ஊர் யேகர் என்ற வேட்டைத் துப்பாக்கியை, குட்டையாகத் தடிமனாக இருந்ததை, நீட்டி மெலிய வைத்து லாங் ரைஃபிளாக மாற்றிய வட்டாரம் இது. கென்டக்கி ரைஃபிள் என்ற பெயர்தான் பிற்பாடு ஊரெல்லாம் பரவியது, ஆனால் பிறந்தது இங்கே. இன்றும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஃபிளின்ட்லாக் எனப்படும் இந்தக் கல் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் இந்த மாநிலத்தில் உண்டு, 1974இல் தொடங்கியது. அதனால் நாங்கள் செய்து கொடுப்பது சுவரில் மாட்டி வைப்பதற்கு அல்ல, பனியிலும் ஈரத்திலும் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதற்கு.

குழல் எட்டுப் பட்டை உள்ளது. அதிலும் நாங்கள் அதிகம் எடுப்பது ஸ்வாம்ப்டு என்று சொல்லும் வகை. அடியில், அதாவது மருந்து வெடிக்கும் பின்முனையில், ஒரு அங்குலம் போலத் தடிமன், போகப் போக மெலிந்து, வாய்ப்பக்கம் வரும்போது மறுபடி லேசாக விரியும். கையில் எடுத்தால் நீளத்துக்கு ஏற்ற கனமே தெரியாது, அவ்வளவு சமமாக நிற்கும். ஆனால் மரத்தில் இறக்குவது சோதனைதான். ஒரே தடிமனான நேர்க் குழல் என்றால் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திச் சமாளிக்கலாம். இதில் இடையே மெலிந்து இரண்டு பக்கமும் தடித்திருப்பதால் ஒரு மயிரிழை பின்னால் தள்ளினாலும் ஒரு இடத்தில் இறுகி இன்னொரு இடத்தில் இடைவெளி விழுந்துவிடும். இதற்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு, அங்கே நேராகக் கீழே இறங்க வேண்டும்.

அதனால் முதலில் குழலின் அடி வந்து முட்டுகிற மரச் சுவரை முடிவு செய்கிறோம். வெடிக்கும்போது பின்னுதை முழுவதையும் தாங்க வேண்டியது இந்தச் சுவர்தான். தீ உள்ளே போகிற துளை, குழலின் பின்முனையை அடைக்கும் அடிமூடியின் முகத்துக்குச் சற்று முன்னால் வர வேண்டும், லாக்கில் பொறி விழும் மருந்துக் கிண்ணி அந்தத் துளைக்கு நேராக நிற்க வேண்டும், விரலால் இழுக்கும் விசை லாக்குக்கு ஏற்ற இடத்தில் அமைய வேண்டும், விசையிலிருந்து தோளில் பதியும் முனை வரை உள்ள நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்த வேண்டும். எல்லாம் இந்த ஒரு சுவரிலிருந்துதான் அளக்கப்படுகிறது. அது ஒரு நூல் நகர்ந்தால் எல்லாமே நகரும்.

அப்புறம் கரி. விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து, குழலின் கீழ்ப்பட்டைகளில் மிக மெல்லிதாகத் தடவி, மரத்தில் வைத்து, மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு, உடனே எடுத்துவிடுவது. கறுப்பு பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவ வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல. உண்மையில் இரும்பு அழுத்திய இடத்தில் கறை நடுவே வெளுத்து, பளபளப்பாக, ஓரத்தில் கரி ஒதுங்கியிருக்கும். உரசிக்கொண்டு போன இடத்தில் மங்கலாகத் தேய்த்து விட்டதுபோல இருக்கும். இரண்டாவதைச் சீவிவிட்டால் அங்கே இனி ஒருபோதும் ஒட்டாது. கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்த்தாலும் கரி பொய் சொல்லும், ஏனென்றால் முன்பக்க மரம் மெல்லியது, இறுக்கினால் வளைந்து தானே போய்க் குழலோடு ஒட்டிக்கொள்ளும். குழலின் சொந்தக் கனமும் ஒரு தட்டும் போதும்.

எடுக்கும்போதும் ஒரு முறை உண்டு. நீளமாக இருப்பதால் வாய்ப்பக்கத்தைப் பிடித்துத் தூக்கத்தான் கை போகும். தூக்கினால் நெம்புகோல் மாதிரி அடிப்பக்கம் பின்னால் சுழன்று அந்தச் சுவரின் விளிம்பைப் பெயர்த்துவிடும். கட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கீழே ஒரு கை தயாராக வைத்துக்கொண்டு, அடியில் தட்ட வேண்டும். நேராகப் பொருந்தியிருந்தால் குழல் முழு நீளமும் ஒன்றாகக் கழன்று வரும். அப்படி வருவதே ஒரு நல்ல சோதனை.

மரமும் சும்மா விடாது. எல்லோருக்கும் பிடித்த அந்த அலை அலையான மேப்பிளில் நார் மேலும் கீழுமாக ஓடுகிறது. அரை அங்குலம் உளி வெண்ணெயில் போவதுபோல் போகும், அடுத்த அரை அங்குலத்தில் நார் எதிர்த்துத் திரும்பி ஒரு சில்லு பெயர்ந்து வரும். ஓட்டத்துக்குக் குறுக்கே, உளியைச் சாய்த்துப் பிடித்து, சன்னமாகச் சீவ வேண்டும். கடைசிக் கொஞ்சத்துக்குச் சுரண்டிதான். கீழேயும் ஜாக்கிரதை தேவை. குழலுக்குக் கீழே, மருந்தையும் குண்டையும் கெட்டிக்கும் கோல் போகிற துளை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே எட்டில் ஒரு அங்குலம் போலத்தான் மரம் நிற்கும். நீண்ட துரப்பணம் நாரைப் பின்பற்றி விலகிப் போகக்கூடியது, அதனால் பள்ளத்தின் அடியில் சிறு துளை போட்டுக் கோல் துளை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் மேலே போவோம்.

இந்த வேலைக்கு வருமுன் மேசை நாற்காலி செய்தவன் நான். அங்கே பொருத்தம் என்றால் எல்லா இடத்திலும் ஒட்டுவது. இங்கே எங்கே ஒட்ட வேண்டும், எங்கே விட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் பொருத்தம். அடிச்சுவர் முழுதாக ஒட்ட வேண்டும். மேலே குழலும் மரமும் சேருமிடத்தில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு கோடுகளும் ஒட்ட வேண்டும். ஆனால் குழலின் பின்னால் நீண்டிருக்கும் இரும்பு வாலுக்குப் பின்னே ஒரு தாள் அளவு இடம் விட்டாக வேண்டும். விடாவிட்டால் உதை சுவருக்குப் போகாமல் வாலுக்குப் போய், மணிக்கட்டு மாதிரி ஒடுங்கிய இடத்தில் கட்டை பிளக்கும். குழலைப் பிடித்திருக்கும் மெல்லிய ஆணிகளும் அப்படித்தான். குழலின் கீழ்ப்பக்கத்தில் உள்ள காதுகளில் ஆணி நுழையும் துளையை வட்டமாக விடாமல் முன்னும் பின்னுமாக நீட்டிவிடுகிறோம், இரும்பும் மரமும் ஒரே மாதிரி நீளுவதில்லை.

பழைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பலவற்றில் பள்ளத்தின் அடி எட்டுப் பட்டையாகவே இருக்காது. வளைந்த உளியால் உருண்டையாக, கொஞ்சம் முரடாகவே தோண்டியிருப்பார்கள். மேல் விளிம்பு மட்டும் கத்தி வைத்ததுபோல் இருக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எபாக்ஸி பசை ஊற்றி இடைவெளியை நிரப்பிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிடிப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கையால் செய்தது என்று பணம் கொடுத்து வாங்குபவருக்கு நான் அதைச் செய்து கொடுக்க மாட்டேன். பள்ளத்தின் உள்ளே எண்ணெய்ப் பூச்சும் மெழுகும் மட்டும் தவறாமல் கொடுப்பேன். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும், அதைத் தண்ணீரால்தான் கழுவ வேண்டும், கழுவும்போது அந்தத் தீத்துளை வழியாக வழிந்து குழலுக்கும் மரத்துக்கும் நடுவே இறங்கும். ஆணி போட்டுப் பொருத்திய குழலை யாரும் அடிக்கடி கழற்றுவதில்லை. பூசாத மரம் அங்கே கறுத்து மெத்தென்று ஆகிவிடுகிறது, அதுவும் சரியாக அந்தச் சுவரில்.

புதிதாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஒரே தடிமனான நேர்க் குழலும் அலையில்லாத சாதா மேப்பிளும் எடுங்கள். முன்கூட்டியே இயந்திரத்தில் பள்ளம் வெட்டி வருகிற கட்டை வேண்டாம், அதில் அந்தச் சுவரை யாரோ உங்களுக்காக முடிவு செய்திருப்பார்கள்.