குளக்கரையில் ஒரு பிடி வைக்கோல்

2020 மே மாத இறுதியில், பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தானைக் கடந்து மகாராஷ்டிரம் வரை வந்துவிட்ட செய்தி பரவியபோது, திருவாரூர் மாவட்டத்தில் வேளாண் துறைக் களப்பணியில் இருந்த எனக்கு நாள்தோறும் அழைப்புகள் வந்தன. கிருஷ்ணகிரியில் எருக்கஞ்செடிகளை மொய்த்தவை உள்ளூர் இனமே என்று தெரிந்த பிறகும் அச்சம் தணியவில்லை. என்ன மருந்து, எத்தனை தெளிப்பான் என்று எல்லோரும் கேட்டார்கள். குளங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ அதுவே முதல் கவலை.

சில ஆண்டுகளுக்கு முன், குறுவையில் நெல் வெட்டுக்கிளி தென்பட்ட ஓர் ஊரில், காற்றே இல்லாத நேரம் பார்த்து மருந்தடிக்கச் சொன்னவன் நான். விடியுமுன் விசைத்தெளிப்பானால் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தார்கள். வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு வண்டிப்பாதைதான். மறுநாள் காலையில் கூனி இறால்கள் வெளுத்துக் கரையில் ஒதுங்கியிருந்தன. நீர்மேல் ஓடித்திரியும் பூச்சிகளில் ஒன்றுகூட இல்லை. கெண்டைக் குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்து சுழன்றன. குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியவர், "தண்ணியில ஒரு சொட்டுகூட ஊத்தலையே தம்பி" என்றார். அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை.

பிறகுதான் விளங்கியது. இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்துவிட, அதற்கு மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும் விடியற்பொழுதில், நுண்ணிய துளிகள் மேலெழுந்து கலையவும் முடியாமல், உடனே விழவும் முடியாமல், பனிபோல் மிதந்து பள்ளத்தை நோக்கி நகர்கின்றன. எங்கள் ஊர்களில் பள்ளம் என்றால் குளம். மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கு குறைவு என்று நாங்கள் சொல்லிக் கொடுத்த பைரித்ராய்டுகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடிய நஞ்சு.

பாலைவன வெட்டுக்கிளிக்கு அடிக்கும் முறையில் ஆபத்து இன்னும் அதிகம். எக்டேருக்கு ஒரு லிட்டர் அல்லது அதற்கும் குறைவான மருந்தை, 50 முதல் 100 மைக்ரான் அளவுள்ள துளிகளாக்கிக் காற்றின் போக்கில் விடுகிறார்கள். அங்கே சாரல் மிதந்து போவது தவறன்று, முறையே அதுதான். ஆளில்லாப் பாலைக்கு அது பொருந்தலாம். வாய்க்காலும் குட்டையும் பின்னிக் கிடக்கும் காவிரிப் படுகைக்குப் பொருந்தாது என்றே இன்றும் கருதுகிறேன்.

ஆகவே அந்த ஜூனில், தெளிப்புத் திட்டம் எழுதுமுன் ஊர்வரைபடத்தில் குளங்களைக் குறித்தேன். குளத்தையொட்டிய வயல்களுக்கு வெட்டுக்கிளியைத் தொற்றிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைப் பரிந்துரைத்தேன். அது வேலை செய்ய நாள்கள் ஆகும், ஆனால் மீனைக் கொல்லாது. நனைந்தால் நீலமாகும் மஞ்சள் அட்டைகளைக் கரையோரக் கோரையில் கட்டி, வயலில் வெறும் தண்ணீரை அடித்துக் காட்டினோம். அட்டைகளில் மிளகுத்தூள் தூவியதுபோல் நீலப் புள்ளிகள் விழுந்திருந்தன. பெரியவர் அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வெட்டுக்கிளிக் கூட்டம் வரவில்லை. அன்று கற்றுக் கொடுத்த வேறொன்றை அவர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் யார் மருந்தடிக்க வந்தாலும் ஈர வைக்கோல் ஒரு பிடியைக் கொளுத்துகிறார். புகை மேலெழாமல் தரையோடு படுத்தால் வெயில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்கிறார். புகை குளத்தைவிட்டு விலகி மெல்ல நகர்ந்தால்தான் தெளிப்பானைத் தூக்க விடுகிறார்.